நெல்லையில் திருப்பினால் தென்காசியில் எப்போது தெரியும்?

தம்பி, பாளையங்கோட்டையில் எம்.எஸ்ஸி. இயற்பியல் படிப்பதாகச் சொல்லி நீங்கள் கேட்டது இது. குவாண்டம் புலக் கோட்பாட்டில், ஒன்றின் ஒளிக்கூம்புக்கு (ஒளி எட்டக்கூடிய எல்லைக்கு) வெளியே மற்றது இருக்கும் இரண்டு இடங்களின் ஆப்பரேட்டர்கள் (அளக்கக்கூடிய பண்புகளின் கணித வடிவங்கள்) கம்யூட் ஆகும், அதாவது எதை முதலில் போட்டாலும் விடை மாறாது என்று வகுப்பில் நிறுவிக் காட்டி, அதனால் காரணத்தன்மைக்குப் பழுதில்லை, ஒளியை முந்தி எந்தப் பாதிப்பும் போகாது என்று முடித்துவிட்டார்கள். ஆனால் அளந்த உடனே நிலை முழுவதும் வந்த விடைக்கு ஏற்றதாகச் சரிந்துவிடும் என்று வேறொரு பாடத்தில் சொல்லியிருக்கிறார்களே, அந்தச் சரிவு யாருடைய கடிகாரப்படி? கம்யூட் ஆவது ஒன்றே போதுமா அண்ணாச்சி என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, ஃபெர்மியின் இரண்டு அணுக் கணக்கில் ஒளியை மீறுகிற மாதிரி ஏதோ வருகிறதாமே என்றும்.

போதாது. இரண்டு பேர் மட்டும் இருந்தால் போதும், நடுவில் மூன்றாவது ஆள் வந்தால் போதாது. அந்த மூன்றாவது ஆளைப் பற்றித்தான் இந்தப் பதிலில் பாதிக்கு மேல் பேசப் போகிறேன், ஏனென்றால் பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் இரண்டு பேரோடு கதையை முடித்துவிடுகின்றன.

முதலில் இரண்டு பேர் கதை. நெல்லையில் ஒருவர், தென்காசியில் ஒருவர். நேர்கோட்டில் ஏறத்தாழ 50 கிலோமீட்டர், ஒளிக்கு 167 மைக்ரோசெகண்ட் பிடிக்கும். நெல்லைக்காரர் தன்னிடம் உள்ள ஒன்றை அளக்கிறார், விடையை யாருக்கும் சொல்லவில்லை. அடுத்த 20 மைக்ரோசெகண்டுக்குள் தென்காசிக்காரர் தன்னுடையதை அளக்கிறார். தென்காசியின் சராசரி என்ன வரும்? தென்காசி ஆப்பரேட்டரின் இரண்டு பக்கமும் நெல்லையின் புராஜெக்டரை, அதாவது ஒரு விடைக்குரிய பங்கை மட்டும் பிரித்தெடுக்கும் ஆப்பரேட்டரை, போட்டு, நெல்லையில் வரக்கூடிய எல்லா விடைகளுக்கும் கூட்ட வேண்டும். இரண்டும் கம்யூட் ஆவதால் ஒரு பக்கப் புராஜெக்டரை மறுபக்கம் நகர்த்தலாம். சேர்ந்ததும் அதன் வர்க்கம் அதுவே, எல்லாவற்றையும் கூட்டினால் ஒன்று. நெல்லைக்காரர் அளந்தாரா இல்லையா என்கிற தடமே கணக்கில் மிஞ்சாது. இரண்டு வரிதான், ஆனால் அசைக்க முடியாத இரண்டு வரி. ஹாகும் காஸ்லரும் 1964இல் புலக் கோட்பாட்டையே இப்படி நிறுத்தி எழுதினார்கள்: கால-இடத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் அதற்குரிய ஆப்பரேட்டர் கூட்டம் ஒன்று, ஒளி எட்டாத இரண்டு பகுதிகளின் கூட்டங்கள் தங்களுக்குள் கம்யூட் ஆக வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும், பல மாணவர்கள் இதில்தான் இடறுகிறார்கள். வெற்றிடத்தில் இரண்டு புள்ளிகளின் புலங்களைப் பெருக்கிச் சராசரி எடுத்தால் ஒளிக்கூம்புக்கு வெளியேயும் சுழி வராது, துகளின் நிறையைப் பொறுத்த காம்ப்டன் அலைநீள அளவில் வேகமாகத் தேய்ந்தாலும் இருக்கத்தான் செய்யும். அதைப் பார்த்ததும் துகள் ஒளியை முந்திவிட்டதே என்று பதறுவார்கள். அது ஒட்டுறவு மட்டும்தான், ஒன்று மற்றதைப் பாதித்ததற்குச் சாட்சி இல்லை. குற்றாலத்தில் சீசன் தொடங்கினால் பேரருவியிலும் ஐந்தருவியிலும் ஒரே நாளில் தண்ணீர் கூடும். பேரருவி போய் ஐந்தருவியைக் கூட்டிவிடவில்லை, மேலே மலையில் மழை. பாதிப்பு இருக்கிறதா என்று கேட்க வேண்டுமானால் கம்யூட்டேட்டரைத்தான் பார்க்க வேண்டும், அங்கே துகளின் பங்கும் எதிர்த்துகளின் பங்கும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு சரியாகச் சுழி ஆகிவிடும்.

அருவி உவமை பாதி வழிதான் வரும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். குவாண்டம் ஒட்டுறவை முன்பே பெய்து முடிந்த ஒரு பொது மழையால் விளக்க முடியாது என்று 1964இல் ஜான் பெல் காட்டினார். 2015இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் 1.3 கிலோமீட்டர் இடைவெளியில், ஓட்டைகளை அடைத்த சோதனையிலும் அது உறுதியானது. பொது மழை விளக்கம் தாண்ட முடியாத எல்லையான பெல் சமனின்மையைப் புலத்தின் வெற்றிடமே மீறுகிறது என்று சம்மர்ஸும் வெர்னரும் 1985இல் நிறுவினார்கள். ஒன்றுமில்லாத வெற்றிடம் என்று நாம் சொல்வதற்குள் இவ்வளவு பின்னல் (என்டாங்கிள்மென்ட்) இருக்கிறது, இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆச்சரியம் தீர்வதில்லை. ஆனாலும் இந்தப் பின்னலை வைத்து ஒரு எழுத்தைக்கூட அனுப்ப முடியாது, மேலே சொன்ன இரண்டு வரிக் கணக்கு அதைத் தடுத்துவிடும்.

சரி, சரிவு எந்தக் கணத்தில்? ஹெல்விக், கிரவுஸ் இருவரும் 1970இல் ஒரு விதி சொன்னார்கள்: அளவீட்டுப் பகுதியின் பின்னோக்கிய ஒளிக்கூம்பு வழியாக நிலையை மாற்றிக்கொள்ளுங்கள், எல்லாப் பார்வையாளருக்கும் அது பொது. உள்ளூர் அளவீடுகளுக்கு அந்த விதி தப்பாத விடை தரும். அதன் பிறகு 1980களின் தொடக்கத்தில் அஹரோனோவும் ஆல்பர்ட்டும், இரண்டு இடங்களுக்குப் பொதுவான பண்புகளையும் அளக்க முடியும் என்பதால் அந்தப் படம் நிற்காது என்றார்கள். நிலை என்பதைக் கால-இடத்தில் நீங்கள் வெட்டும் ஒவ்வொரு பரப்புக்கும் தனித்தனியாக எழுத வேண்டும், பரப்பை மாற்றினால் சரிவு நடக்கும் இடமும் மாறும். என் கருத்து: சரிவை ஒரு கடிகார நேரத்தில் நடக்கும் சம்பவமாக நினைக்காதீர்கள், கையில் உள்ள விவரத்துக்கு ஏற்ப நாம் கணக்கைத் திருத்தி எழுதுவது அது. இதை ஏற்காத நல்ல இயற்பியலாளர்களும் இருக்கிறார்கள், ஆனால் எந்தப் பக்கம் நின்றாலும் நிகழ்தகவுகள் ஒன்றுதான்.

இப்போது மூன்றாவது ஆள். 1993இல் ரஃபேல் சோர்கின் எழுப்பிய கேள்வி இது. முதல் பகுதி இரண்டாவதை ஓரளவு பாதிக்க முடியும், இரண்டாவது மூன்றாவதை ஓரளவு பாதிக்க முடியும், ஆனால் முதலும் மூன்றும் ஒளி எட்டாத தூரத்தில் இருக்கின்றன. நடுப்பகுதி அகலமாகப் படர்ந்திருந்தால் இப்படி அமையும். ஆலங்குளம் வழியாக நெல்லைக்கும் தென்காசிக்கும் வேலைக்காகப் போய்வந்த காலத்தில், காற்றாலைகளைப் பார்த்துக்கொண்டே பேருந்தில் இதை எத்தனையோ நாள் யோசித்திருக்கிறேன்: எல்லாம் ஒழுங்காகக் கம்யூட் ஆகும்போது ஓட்டை எங்கிருந்து வரும்? கையால் போட்டுப் பார்த்த பிறகுதான் விளங்கியது, நீங்களும் போட்டுப் பாருங்கள். புலம் வேண்டாம், இரண்டு ஸ்பின் போதும்; ஸ்பின் என்பது அளந்தால் மேல் அல்லது கீழ் என்று மட்டும் விடை தரும் துகள் பண்பு.

ஆரம்ப நிலை: நெல்லை ஸ்பின் மேல், தென்காசி ஸ்பின் கீழ். பன்னிரண்டு மணிக்கு நெல்லைக்காரர் ஒன்று சும்மா இருக்கலாம், அல்லது தன் ஸ்பின்னைத் திருப்பிவிடலாம். 10 மைக்ரோசெகண்ட் கழித்து, இரண்டு ஊரையும் ஒரே வீச்சில் தழுவும் ஒரு கருவி ஒரே ஒரு கேள்வி கேட்கிறது: நீங்கள் இருவரும் சேர்ந்து, மேல்-மேலும் கீழ்-கீழும் சம அளவில் கூட்டல் குறியோடு சேர்ந்த அந்தப் பின்னல் நிலையில் இருக்கிறீர்களா, இல்லையா? விடை ஆம் அல்லது இல்லை, பாடப்புத்தக விதிப்படி நிலை அந்தந்தப் பக்கம் வீழ்த்தப்படுகிறது. விடையை யாரும் பார்க்கக்கூட வேண்டாம். இன்னும் 10 மைக்ரோசெகண்டில் தென்காசிக்காரர் தன் ஸ்பின்னைப் பார்க்கிறார்.

நெல்லைக்காரர் சும்மா இருந்திருந்தால் நிலை மேல்-கீழ். கருவி கேட்ட பின்னல் நிலைக்கு அது செங்குத்து, அதாவது அந்த நிலையின் பங்கு இதில் துளியும் இல்லை. விடை கட்டாயம் இல்லை, நிலை ஒரு மயிரிழைகூட மாறாது, தென்காசியில் நூற்றுக்கு நூறு கீழ். திருப்பியிருந்தால் நிலை கீழ்-கீழ். கூட்டல் குறிப் பின்னலும் கழித்தல் குறிப் பின்னலும் அதில் பாதிப் பாதி இருக்கின்றன, விடை ஆமோ இல்லையோ மிஞ்சுவது இந்த இரண்டில் ஒன்று, எதுவானாலும் தென்காசியில் மேலும் கீழும் பாதிக்குப் பாதி. இப்படிப் பத்து ஜோடிகளை ஒரே நேரத்தில் வைத்துக்கொண்டால், ஒன்றில் மேல் என்று வந்தாலும் நெல்லையில் திருப்பியிருக்கிறார்கள் என்று உறுதி. திருப்பியும் பத்தும் கீழாகவே வர வாய்ப்பு 1024இல் 1. ஒளிக்கு 167 மைக்ரோசெகண்ட் ஆகும் தூரத்தை 20இல் செய்தி கடந்துவிட்டது!

கவனியுங்கள், இதில் எந்த இடத்திலும் கம்யூட் விதி மீறப்படவில்லை. நெல்லையும் தென்காசியும் கம்யூட் ஆகின்றன. கருவியின் புராஜெக்டர் தன் பகுதிக்கு ஒளி எட்டாத எல்லாவற்றோடும் கம்யூட் ஆகும். ஆனால் அது நெல்லையோடும் கம்யூட் ஆகாது, தென்காசியோடும் ஆகாது, ஆகவேண்டிய கட்டாயமும் இல்லை, இரண்டோடும் அதற்குத் தொடர்பு உண்டே. இரண்டு வரிக் கணக்கில் புராஜெக்டரை நகர்த்தினோமே, அந்த நகர்த்தல்தான் இங்கே முட்டி நிற்கிறது. சோர்கின் இதையே புலத்தில், வெற்றிடமும் ஒரு துகள் நிலையும் கலந்த ஒரு நிலையைக் கேட்கும் அளவீட்டை வைத்துக் காட்டினார்.

அப்படியானால் தப்பு எதில்? புலக் கோட்பாட்டில் இல்லை. பகுதிக்குரிய எந்த ஆப்பரேட்டரையும், இருந்த நிலையை வேறு எந்த வகையிலும் கலைக்காமல், இலட்சிய முறையில் அளந்துவிடலாம் என்று கண்ணை மூடிக்கொண்டு வைத்துக்கொண்டோமே, அதில்தான். சார்பியல் இல்லாத குவாண்டம் இயக்கவியலில் அந்த அனுமானத்தால் கெடுதி வராது, அதனால் யாரும் அதைத் தொட்டுப் பார்க்கவில்லை.

இன்னும் ஒரு அழகான விஷயம். ஆம்-இல்லை என்று இரண்டு விடைக்குப் பதிலாக, நான்கு பின்னல் நிலைகளில் (மேல்-மேல், கீழ்-கீழ் சேர்ந்த இரண்டு, மேல்-கீழ், கீழ்-மேல் சேர்ந்த இரண்டு) எது என்று நான்கு விடை கேட்டுப் பாருங்கள். நெல்லையில் சும்மா இருந்தாலும் சரி, திருப்பினாலும் சரி, தென்காசியில் பாதிக்குப் பாதி. செய்தி போகவில்லை! கூடுதலாகக் கேட்டால் பாதுகாப்பு, குறைவாகக் கேட்டால் ஆபத்து என்று முதல் பார்வையில் தலைகீழாகத் தெரியும். காரணம் இருக்கிறது. விடையைப் பார்க்காவிட்டால், நான்கு விடை அளவீட்டின் மொத்த விளைவு, இரண்டு ஊர்க்காரர்களும் முன்பே பகிர்ந்துகொண்ட ஒரே குலுக்கல் சீட்டைப் பார்த்து அவரவர் ஸ்பின்னை அவரவர் ஊரிலேயே திருப்பிக்கொள்வதற்குச் சமம். முன்கூட்டியே பகிர்ந்த பின்னல் ஜோடிகள் இருந்தால் இதை நிஜமாகவே செய்யலாம், இரண்டு ஊரிலும் தனித்தனியே தொட்டுவிட்டு, கிடைத்த துண்டு விடைகளைப் பிறகு ஓரிடத்தில் சேர்த்துப் படித்தால் போதும். இரண்டு விடை அளவீடோ, கேட்காத மற்ற மூன்று நிலைகளுக்கு இடையே உள்ள ஒத்திசைவை, அதாவது அவை கலந்திருக்கும் உறவை, கலைக்காமல் காப்பாற்றுவேன் என்கிறது. சிக்கல் ஒட்டியிருப்பது அங்கேதான். பெக்மன், காட்ஸ்மன், நீல்சன், பிரெஸ்கில் நால்வரும் 2001இல் இதை விரிவாக அலசியிருக்கிறார்கள்.

அதற்காக ஆம்-இல்லை என்கிற கேள்வியைக் கேட்கவே முடியாது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நான்கு விடை அளவீட்டைச் செய்துவிட்டு, வந்தது அந்த ஒன்றா இல்லையா என்று மட்டும் பார்த்தால், அதே நிகழ்தகவோடு அதே கேள்விக்கு விடை கிடைத்துவிடும். கேள்வி தப்பில்லை, இலை அசையாமல் பூப்பறிப்பேன் என்பதுதான் நடக்காது. அதையும் செய்தே தீருவேன் என்றால் வழி உண்டு: இரண்டு ஸ்பின்னையும் நடுவில் ஆலங்குளத்துக்குக் கொண்டுவந்து சேர்த்து அளந்து, திருப்பி அனுப்ப வேண்டும். போக 25, வர 25 கிலோமீட்டர், ஒளியின் வேகத்திலேயே போனாலும் 167 மைக்ரோசெகண்ட். நெல்லையிலிருந்து தென்காசிக்கு ஒளி போகும் நேரம் அதேதான்! அப்புறம் தென்காசியில் மாற்றம் தெரிந்தால் யாருக்கும் வழக்கில்லை.

கருவியையும் கணக்குக்குள் கொண்டுவா என்கிற இந்தப் பாடம் புதிதில்லை. 1931இல் லாந்தாவும் பையர்ல்ஸும் மின்காந்தப் புலத்தை அளப்பதே பொருளற்றது என்று வாதிட்டார்கள். 1933இல் போரும் ரோசன்ஃபெல்டும் பதில் எழுதினார்கள்: ஒரு புள்ளியில் புலம் என்று கேட்காதீர்கள், ஒரு பகுதியில், ஒரு கால அளவில் சராசரி என்று கேளுங்கள். அதற்காக மின்னூட்டம் பரவிய கனமான சோதனைப் பொருள்களையும், அவை தாமே உண்டாக்கும் புலத்தை ஈடுகட்டச் சுருள்வில்களையும் கற்பனை செய்து, கருவியின் ஒவ்வொரு உறுப்பையும் சலித்துப் பார்த்தார்கள். அந்தப் பொறுமை இன்றைக்கும் தேவை என்று நினைக்கிறேன்.

இன்றைய வடிவத்தில் அதைச் செய்தவர்கள் ஃபியூஸ்டரும் வெர்ச்சும், அவர்களுடைய கட்டுரை 2020இல் அச்சில் வந்தது. கருவியையும் ஒரு புலமாகவே வைக்கிறார்கள். நாம் அளக்க விரும்பும் புலமும் இந்தத் துணைப் புலமும் ஒரு குறிப்பிட்ட பகுதிக்குள் மட்டும் தொட்டுக்கொள்கின்றன, அதற்கு முன்னும் பின்னும் தனித்தனி. தொடர்பு முடிந்த பிறகு துணைப் புலத்தில் ஒன்றைப் பார்க்கிறோம், அதிலிருந்து முதல் புலத்தில் எதை அளந்தோம் என்று பின்னோக்கிக் கணக்கிடுகிறோம். இரண்டும் சேர்ந்த கூட்டுப் புலம் தானே ஒளி வேகத்துக்குக் கட்டுப்பட்டது என்பதால், நடுவில் அகலமான கருவி இருந்தாலும் நெல்லையின் திருப்பல் தென்காசிக்கு முந்திப் போகாது. 2021இல் போஸ்டல்மனும் ஃபியூஸ்டரும் ரூப்பும் இதை நிறுவினார்கள். நடக்க முடியாத அளவீட்டைச் செய்ய, இருக்கவே முடியாத கருவி வேண்டும் என்பது அவர்களுடைய முடிவின் சாரம். பிறகு ஃபியூஸ்டரும் ஜப்பும் ரூப்பும், உள்ளூர் ஆப்பரேட்டர் எதையும் இப்படிப்பட்ட கருவிகளின் ஒரு வரிசையால் வேண்டிய அளவு நெருங்கி அளக்கலாம் என்றும் காட்டிவிட்டார்கள். நம் இரண்டு ஸ்பின் கணக்கில் பார்த்ததுதான்: விடை கிடைக்கும், ஆனால் அளந்த பிறகு மிஞ்சும் நிலை பாடப்புத்தகம் சொல்வதாக இருக்காது.

ஃபெர்மி கணக்கைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1932இல் ஃபெர்மி, கிளர்ந்த ஒரு அணு ஒளியை விட்டு இன்னொரு அணுவைக் கிளர்த்த எவ்வளவு நேரம் ஆகும் என்று பார்த்து, ஒளி போகும் நேரம்தான் என்றார், ஆனால் இடையில் ஒரு தோராயம் இருந்தது. 1994இல் ஹெகர்ஃபெல்ட், ஆற்றல் ஒரு எல்லைக்குக் கீழே போகாது என்பதை மட்டும் வைத்தே, இரண்டாவது அணு கிளர்ந்திருக்கும் நிகழ்தகவு உடனடியாகச் சுழியைத் தாண்டிவிடும் என்று காட்டினார். அதே ஆண்டில் பூகோல்ட்ஸும் இங்வாசனும் விடை சொன்னார்கள். இரண்டாவது அணு மட்டும் இருந்தாலே வெற்றிடத்தின் அசைவால் அதைக் கவனிக்கும் உணரி துடிக்கலாம், ஆகவே துடித்ததா என்று கேட்காதீர்கள், முதல் அணு இருக்கும்போதும் இல்லாதபோதும் வரும் விடைகளுக்கு என்ன வித்தியாசம் என்று கேளுங்கள். அந்த வித்தியாசம் ஒளி வந்து சேரும் வரை சுழிதான். பாதிப்பு என்றால் எப்போதும் வித்தியாசம், தனி எண் இல்லை. நெல்லை-தென்காசிக் கணக்கிலும் நாம் பார்த்தது இதைத்தான்.

இதெல்லாம் அளவீட்டுச் சிக்கலை முழுக்கத் தீர்த்துவிட்டதா என்றால் இல்லை. துணைப் புலத்தைப் பார்ப்பது யார், அதை அளக்க இன்னொரு துணைப் புலம் வேண்டாமா என்று கேட்டால், வேண்டும், அந்தச் சங்கிலியை எங்கே வெட்டுவது என்பதற்கு ஃபியூஸ்டர்-வெர்ச் வழியில் விடை கிடையாது. அவர்கள் தருவது, எங்கே வெட்டினாலும் காரணத்தன்மை கெடாது என்கிற உறுதி. எனக்கு அதுவே பெரிய காரியமாகத் தெரிகிறது.

ஒன்று மட்டும், நான்கு விடை என்பதால்தான் தப்பித்தது, விடை எண்ணிக்கை கூடினால் போதும் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அதே நான்கு பின்னல் நிலைகளை எடுத்துக்கொண்டு, மேல்-மேல், கீழ்-கீழ் சேர்ந்த இரண்டையும் ஒரு விடையாகவும், மேல்-கீழ், கீழ்-மேல் சேர்ந்த இரண்டையும் மற்றொரு விடையாகவும் வைத்து அளந்து பாருங்கள். அடுத்து, முதல் இரண்டையும் தனித்தனி விடையாகப் பிரித்து, மற்ற இரண்டையும் சேர்த்தே விட்டு மூன்று விடையாக அளந்து பாருங்கள். ஒன்றில் செய்தி போகும், மற்றதில் போகாது. எது எது, ஏன் என்று ஒரு தாளில் போட்டுப் பார்த்துவிட்டு எழுதுங்கள் தம்பி.